ரிம்மாவின் முப்பத்திரண்டு சுற்று

ரிம்மா பாவ்லவ்னா ஆடி வாங்கிய கைதட்டலைவிட ஆள் வைத்து வாங்கியதுதான் அதிகம். மாஸ்கோவில் அவள் பெயரைச் சொன்னால் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு உடுப்பு மாட்டிவிடும் க்ளாஷாவைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

பத்து வயதில் பாலே நடனப் பள்ளியில் சேர்ந்தபோது நல்ல கால்தான், அதை க்ளாஷாவும் ஒத்துக்கொள்வாள். இருபத்தைந்தில் பெரிய வேஷம், முப்பதில் அரசாங்கப் பட்டம். அத்தோடு புத்தி கெட்டது. அரங்கின் மேல்மாடத்தில் கைதட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் சேர்த்தாள். தலைவன் கெர்மன். பகலில் குழாய் ரிப்பேர், சாயங்காலம் ‘பிராவோ’ என்று கூச்சல். கூலி இலவச டிக்கெட்டும், இடைவேளையில் மீன்முட்டை தடவிய ரொட்டியும்.

நாற்பத்தாறு வயதில் அரங்கத்தின் டைரக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “சனிக்கிழமை ஆட்டத்துல ஒத்தைக் கால்ல வர்ற முப்பத்திரண்டு சுத்தும் நிக்காம சுத்திட்டா வேஷம் உங்களுக்கே. இல்லேன்னா பென்ஷனை வாங்கிட்டு வீட்ல இருங்க.”

வேறு யாராக இருந்தாலும் பயிற்சிக்கு ஓடியிருப்பார்கள். இந்த மகாராணி கெர்மனுக்கு ஆள் அனுப்பினாள்.

“கெர்மன், கடைசிச் சுத்து முடிஞ்சதும் கூரை பிச்சுக்கணும்.”

“விடுங்க ரிம்மா பாவ்லவ்னா. தாளத்தை எண்ணியே தட்டிடுவோம்.”

“கொஞ்சம் ஆடிப் பாத்துக்கலாமே,” என்றாள் க்ளாஷா.

“நீ ஊக்கை மாட்டு. ஆடறது நீயா, நானா?”

“ரெண்டு பேரும் இல்ல போலிருக்கு,” என்று க்ளாஷா முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை ரிம்மா பதினாறு சுற்று வரை ஒப்பேற்றினாள். பதினேழில் கால் தடுமாறியது. பத்தொன்பதில் நின்றேவிட்டாள். மேடை நடுவில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். வாத்தியக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். அரங்கம் கப்சிப். ஓரத்தில் நின்ற க்ளாஷாவுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

கெர்மன் கூட்டம் நிற்கும் மூலையிலிருந்து மேடை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை. தாளத்தில் முப்பத்திரண்டு எண்ணி முடித்தார்கள், கடமை தவறாமல் ஆரம்பித்தார்கள். “பிராவோ! பிராவோ!” முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது.

அப்போதாவது உள்ளே ஓடி வந்திருக்கலாம். கைதட்டல் காதில் விழுந்ததுதான் தாமதம், ரிம்மா ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, கைகளை விரித்து, முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து வணங்கினாள். டைரக்டர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி இன்னொரு முறை வணங்கினாள். அவர் அதற்குள் எழுந்து போயிருந்தார்.