வைத்தியின் மொட்டைத் தலை

வைத்திலிங்கத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். ஆம், நானேதான்! இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் உங்களிடம் சொல்கிறான் என்று சந்தேகப்படுவீர்கள். படுங்கள். நானும் அந்தக் காலத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவன்தான்.

அப்போது சைகோன் யாருடைய ஊர்? ஜப்பான்காரன் தோற்றுப்போயிருந்தான். பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்து துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டான். துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் கிடங்குகளில் மூட்டை சுமந்த வியட்நாமியரில் பாதிப் பேர் கிளர்ச்சிக்காரர் பக்கம்... எந்தப் பாதி என்று யாருக்குத் தெரியும்?

நான் அந்தக் கிடங்குகளுக்குப் போகும் பாலத்துச் சோதனைச் சாவடியில் மொழிபெயர்ப்பாளன். காரைக்கால் கிறிஸ்தவன். நம் ஊர் வழக்கமும் சட்டமும் வேண்டாம் என்று என் தகப்பனார் எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுப் பெயர் வாங்கியவர். அதனால் நான் பிரெஞ்சுக் குடிமகன். அந்தக் காகிதத்தால் எனக்கு எவ்வளவு திமிர்! அது போய்விடுமோ என்று எவ்வளவு பயம்!

வைத்தியும் காரைக்கால்காரன்தான். கிடங்கில் குமாஸ்தா. லான் என்ற வியட்நாமியப் பெண்ணைக் கட்டியிருந்தான். மூன்று வயதில் ஒரு மகள். ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ஆனாலும், மூட்டைக்காரர்களோடு அவன் பேசிச் சிரிப்பதைப் பார்த்தால் ஒட்டுக் கேட்கப் பக்கத்தில் போவேன். என்ன பேசுகிறான்? நான் போனதும் ஏன் நிறுத்துகிறார்கள்? கடைசி இரண்டு ஞாயிறும் நான் அங்கே போகவில்லை.

ஒரு காலை, பாலத்தைக் கடக்க வந்தவனைக் கண்டு திடுக்கிட்டேன். தலை மழமழவென்று மொட்டை. ஆசையாய் வளர்த்த மீசையும் இல்லை! அடையாள அட்டைப் படத்தில் இருந்த ஆளுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. சாவடியின் பிரெஞ்சு அதிகாரி அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“லூயி அண்ணே, புள்ளைக்குக் காய்ச்ச எறங்குனா முடி எறக்குறேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். நேத்துதான் கோயில்ல எறக்குனேன். முசியேகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கண்ணே,” என்றான் வைத்தி, சிரித்துக்கொண்டே.

சாமிக்கு முடி கொடுத்ததாகச் சொல்கிறான் என்றேன். அதிகாரி என்னை ஏறிட்டுப் பார்த்தான். “உங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டா?”

உங்கள் ஆட்கள்! என்னையும் அவனோடு சேர்த்துவிட்டானே! அதோடு... எனக்கே ஒரு சந்தேகம். மகளுக்குக் காய்ச்சல் என்று ஏன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை? முகத்தை மாற்றிக்கொள்ளத்தான் மீசையையும் எடுத்தானோ?

“நான் பிரெஞ்சுக்காரன், ஐயா. அப்படி ஒரு வழக்கம் எனக்குத் தெரியாது,” என்றேன்.

தெரியாதா? வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு என் அம்மா எனக்கே மொட்டை போட்டிருக்கிறாள்!

வைத்திக்கு அரைகுறைப் பிரெஞ்சு. நான் சொன்னது அவனுக்குப் புரிந்ததா...? சிப்பாய்கள் அவனைப் பிடித்து வண்டியில் ஏற்றும்போதும், “லான்கிட்ட சொல்லிடுங்கண்ணே, சாயந்தரம் வந்துடுவேன்,” என்றுதான் சொன்னான்.

வரவில்லை. பிணமும் வரவில்லை.

கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். முடி இறக்கிய நாவிதரை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அடுத்த நாளாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய் சொன்னாயா என்று என்னைப் பிடிப்பார்களே!

லானுக்கு மனு மேல் மனுவாக எழுதிக் கொடுத்தேன். அவனைப் பிடித்த இடம், நேரம், எல்லாம் நல்ல பிரெஞ்சில் எழுதினேன். அங்கே மொழிபெயர்த்தவன் யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அவள் ஒவ்வொரு முறையும் கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த மகள் வளர்ந்தாள். கல்யாணம் நிச்சயமானது. லான், கணவனிடம் கற்ற தமிழில் என்னிடம் சொன்னாள்: “அவரு நிக்க வேண்டிய எடம். நீங்கதான் நிக்கணும், அண்ணே.”

நின்றேன். அந்தப் பெண் என் காலில் விழுந்தாள். லான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் என்னை அங்கே நிறுத்தினாளோ...? நான் குனிந்து, “நல்லா இரும்மா,” என்றேன்.