ராங்கில் வந்த வண்டி

ஓசூர்ப் பக்கம் ரோட்டில் தமிழில் திட்டினாலும் கன்னடத்தில் திட்டினாலும் தெலுங்கில் திட்டினாலும் நடுவில் வந்து விழும் வார்த்தை ஒன்றுதான்: ராங். எதிர்ப்பக்கம் ஏறி வருகிறவன் ராங்கில் வருகிறான். என் அண்ணன் ராங்கில் வந்ததாகத்தான் போலீஸ் எழுதியது.

ராயக்கோட்டையில் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூருக்கு வந்துகொண்டிருந்தான். உத்தனப்பள்ளி தாண்டி ஒரு வளைவு. எதிரில் வந்த கண்டெய்னர் லாரி மோதியதில் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. அவன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தக் கண்டெய்னர் டிரைவர் சொன்னதே வழக்காகிவிட்டது. "நான் லெப்ட்லதான்டா வந்தன்" என்று அண்ணன் சொல்லாத நாளில்லை. போலீஸ் எழுதியதைக்கூடத் தாங்கிக்கொண்டான். அண்ணி ஒருநாள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். "கண்ணு அசந்திருப்பீங்க. விடுங்க, யாருக்கும் வர்றதுதான்." அன்றிலிருந்து அவளிடம் அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என் அறை நண்பன் கம்ப்யூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன். அவனிடம் வெளிநாட்டு லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. கம்பெனிக்காரன் வைக்காததை விளையாடுகிறவர்களே செய்து அதில் சேர்த்துக்கொள்ளலாம். மாட் என்பார்கள். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, ராயக்கோட்டை ரோட்டை அதில் போட்டேன். புளியமரம், டீக்கடை, அண்ணன் லாரியின் ஹாரன், அந்த வளைவு எல்லாம் வந்தன. அந்த விளையாட்டில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். அவற்றை நம் ஊர்போல இடப்பக்கம் திருப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்கு நாலு வரிக் கட்டளை, எழுதிச் சேர்த்தேன்.

போனில் படம் பிடித்துக் காட்டினேன். அண்ணன் கண் நிறைந்துவிட்டது. "அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிக் காட்டறன்டா. டிரைவர் சீட்டுல இருந்து பாத்தா அவளுக்கே தெரியும்" என்றான். இது எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

அண்ணனை மூன்று மாடி ஏற்றி என் அறைக்குக் கொண்டுவர முடியாது. நண்பனோ கம்ப்யூட்டரை ஒரு நாள்கூட அசைக்க விடமாட்டான். அண்ணன் வீட்டில் இருந்தது டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் பெட்டி; அவன் மைத்துனன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதிலும் அதே விளையாட்டு ஓடும். கம்ப்யூட்டரில் ஃபைலைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. கன்சோலில் அப்படி முடியாது. விளையாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி வைத்து, அவர்கள் பார்த்து, சரி என்றால்தான் உள்ளே போகும். நம் டிவி, நம் பெட்டி, நம் ஊர் ரோடு. அதில் ஓட்டுவதற்கு எங்கோ இருக்கிற ஒருவனின் பர்மிஷன். முதல் தடவை ஹாரன் வெளியிலிருந்து வந்த சத்தம் என்று திருப்பிவிட்டார்கள். எடுத்தேன். டீக்கடையும் புளியமரமும் நானே செய்தவை, விளையாட்டில் ஏற்கனவே உள்ள பொருட்கள் மட்டும்தான் அனுமதி என்றார்கள். டீக்கடை இருந்த இடத்தில் ஏதோ ஊர் பெட்ரோல் பங்க்கை நட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி வெட்டி அனுப்பினேன். கடைசியில் மிஞ்சியது ஸ்கிரிப்ட். கன்சோலில் ஸ்கிரிப்ட் கூடவே கூடாதாம். அதையும் எடுத்த பிறகுதான் அனுமதி வந்தது.

சாலையாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். தலையணைகளை அண்டக் கொடுத்து அண்ணனை உட்கார வைத்தோம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது வெளிநாட்டு வழக்கம். வலப்பக்கமாதான் ஓட்டணும்" என்றேன்.

"சரி சரி" என்றான்.

கொஞ்ச தூரம் வலப்பக்கமே போனான். வளைவு தெரிந்ததும் மரம், கடை எதுவும் இல்லாமலே அவனுக்கு இடம் பிடிபட்டுவிட்டது. "இங்கதான்டி. பாரு, நான் எந்தப் பக்கம் வரன்னு பாரு" என்றான். அவன் கை, பழக்கப்படி, வண்டியை இடப்பக்கம் கொண்டுபோனது. எதிரில் ஒரு லாரி அதே பக்கத்தில் நேராக வந்தது. அண்ணன் அலறிவிட்டான். கையிலிருந்த கன்ட்ரோலர் கீழே விழுந்தது. திரை குலுங்கி நின்றது. மேலே சிவப்பில் ஆங்கில எழுத்துகள்.

அண்ணி பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ராங்... ராங் வே. அப்படின்னு போட்டிருக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லுடா அவகிட்ட."

சொன்னேன். ஸ்கிரிப்ட், அனுமதி, அந்த நாட்டில் எல்லாரும் வலப்பக்கம் போவார்கள், அதனால் நம் சரியான பக்கம் அங்கே தப்பான பக்கம் என்று, எனக்கே நாக்குக் குழறும்வரை சொன்னேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவன் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, "இருக்கட்டும் தம்பி, இனிமே அதப் பத்தி பேச வேணாம்" என்றாள்.

அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அன்னிக்கு போலீஸ்காரன் எழுதினான். இன்னிக்கு நீயும் எழுதிட்டியேடா."