மணையை விட்டு எழாத அம்மா

இந்த நினைவு மலரின் அட்டைக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த என் கல்யாணப் படத்தைப் பார்த்து அத்தை முகம் சுளித்தார். "வேற நல்ல படமே இல்லியா? எல்லாரும் எழுந்து போயிட்டாங்க, உங்கம்மா மட்டும் மணையில குந்திக்கினு இருக்காங்க." அந்தப் படம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பொன்னேரி அருகே ஒரு நெல் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தார்.

நாற்பது வயதில் சிறுநீர்ப்பையில் வலி வந்தது. உட்கார்ந்தால் அடிவயிறு குத்தும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து போகவேண்டும். உடம்புச் சூடு என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுத்தோம். கிருமி என்று மாத்திரை வாங்கினோம். சோதனையில் கிருமியே இல்லை. இப்படியே எட்டு வருடம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, விசேஷங்களில் பாதியிலேயே எழுந்துபோனார். "நம்ம ஊட்டு விசேஷம்னாலே அவளுக்குப் பேஜாரு, அவ்ளோ கர்வம்" என்று சொந்தக்காரர்களில் சிலர் என் காதுபடப் பேசினீர்கள். யார் என்று எழுதப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

என் கல்யாணம் முடிவானபோது அம்மா சொன்னார்: "தாரைவார்க்க சித்தியும் சித்தப்பாவும் குந்தட்டும். நான் நடுவுல எழுந்தா அசிங்கம்மா." எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகூர்த்தத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. ஒரு மருத்துவரின் யோசனைப்படி சென்னையில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப்போனேன்.

அம்மா படுக்கவே மறுத்தார். "நீங்க நிறுத்துன்னா அந்த நொடியே நிறுத்திடுவேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பிசியோதெரபிஸ்ட் தொட்டார். அடிவயிறு, தொடையின் உட்புறம், பிறகு கையுறை அணிந்த ஒரு விரலால் உள்ளே, சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசைகள். ஓரிடத்தில் மெல்ல அழுத்தியதும் அம்மாவின் கண் நிறைந்தது. "இதான். இதான்மா அந்த வலி" என்றார். எட்டு வருடம் எந்த ஸ்கேனிலும் அகப்படாதது ஒரு விரலுக்கு அகப்பட்டுவிட்டது. தசை இறுகிப்போயிருக்கிறது என்றார் அவர். வாராவாரம் அழுத்திப் பிடித்து, மூச்சை இழுத்து விடச்சொல்லி, அதைத் தளர்த்தினார். வலி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அம்மாவின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

கல்யாணத்தன்று மணையில் அம்மாதான் உட்கார்ந்தார். ஒன்றேகால் மணி நேரம், ஒருமுறைகூட எழவில்லை. பிறகு இதே வலியோடிருந்த கம்பெனித் தோழிகள் இரண்டு பேரை அம்மாவே சென்னைக்கு அழைத்துப்போனார். சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்ததற்கு முந்தைய ஞாயிறுகூட, ஒரு காதுகுத்தில் கடைசிப் பந்திவரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "எழுதும்மா. அவ இருந்தா மைக் புட்சி அவளே சொல்லியிருப்பா" என்றார்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட்டின் கைகளுக்கும், வழிகாட்டிய மருத்துவருக்கும், ஓராண்டாக எங்களைத் தாங்கிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கர்வம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான். போட்டோ எடுத்த தம்பிக்குத் தனி நன்றி. தாலி ஏறியதும் நீங்கள் எல்லோரும் பந்திக்கு ஓடினீர்கள். எழுந்திரு என்று அப்பா கைகொடுத்தார்.

"நீங்க போங்க" என்றார் அம்மா. "நான் இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கினு வரேன்."