மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கிடா

அந்த வருஷம் நான் கோவில்பட்டியில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மழை ஏமாற்றி இரண்டாவது வருஷம். உரம் வாங்க யாரும் வரவில்லை, திட்டுவதற்குத்தான் வந்தார்கள். கடை வாசல் பெஞ்சில் ஆட்சி தினமும் காலை டீக்கு ஒரு தடவை கவிழும், சாயங்கால டீக்கு இன்னொரு தடவை கவிழும். கிணற்று மோட்டாருக்கு இலவசமாக இருந்த கரண்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒருவர் ஆரம்பிப்பார். வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வாத்தியார் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். ரேஷன் கார்டில் முத்திரை குத்தி அரிசியை நிறுத்திவிட்டார்கள் என்று, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள்கூட ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளி எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு இந்தப் பேச்செல்லாம் எரிச்சலாக இருக்கும். திட்டி முடித்து வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவர்களால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைப்பேன். அந்தக் கோபம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. கரண்டு வழியாகவோ ரேஷன் கார்டு வழியாகவோ அல்ல, ஒரு கிடா வழியாக.

என் அக்கா விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் வாக்கப்பட்டவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரே ஒரு பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு வயதில் அதற்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸிலேயே வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. அந்த பஸ்ஸில் வைத்துத்தான் அக்கா ஊர்க் காளியம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அந்த மாதமே ஒரு குட்டியைப் பிடித்து அடையாளத்துக்குக் காதறுத்து சாமிக்கென்று விட்டார்கள். அதற்குப் பிறகு அது இவர்களுடைய ஆடு இல்லை. யார் காட்டில் மேய்ந்தாலும் யாரும் கம்பை எடுக்க மாட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூட அந்த ஊரில் அவ்வளவு மரியாதை கிடையாது. கோயிலில் நடக்கும் புரட்டாசிப் பொங்கலில் அதைக் கொடுத்துவிட்டால்தான் பிள்ளை முழுசாகத் தன்னுடையது என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஆவணிக் கடைசியில், கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. இனிமேல் காளிக்கும் சாம்பார் சாதம்தான் என்றார் வாத்தியார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் ஊர் டெலிபோன் பூத்திலிருந்து அக்கா கடைக்குப் பேசினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஊர்த் தலையாரி, கிடா வெட்டுக்கு கவர்மெண்டு உத்தரவு வந்திருக்கிறது என்று தெருவில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் பக்கத்தில் கிடாவையும் உத்தரவையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் சம்மதித்துவிட்டாள், உத்தரவாகிவிட்டது. உதறாவிட்டால் காத்துக்கிடக்க வேண்டும்.

"தம்பி, உத்தரவு ஆயிட்டாம்லா. கவர்மெண்டே குடுத்திருக்காம். நீ முந்தின நாளே வந்துரு."

"அக்கா, அது வேற உத்தரவு. வெட்டக்கூடாதுன்னு உத்தரவு."

அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"வெட்டக்கூடாதுன்னு எப்படிலே உத்தரவு வரும்?"

நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் லீவு போட்டு, அத்தானைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். இது நேர்ச்சை, பிள்ளை உயிருக்காக நேர்ந்தது, இந்த ஒரு கிடாவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள் என்று கேட்டோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான். உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டுவிட்டு, நேர்ச்சையைக் கேன்சல் பண்ணிவிடுங்களேன் என்றார். மேலேயிருந்து வருகிறது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று கையை உயர்த்திக் காட்டினார். மேலே மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கலன்று கோயில் வேம்படியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். வேறு வீடுகளில் நேர்ந்திருந்தவர்கள் கிடாவை அவிழ்க்கவே இல்லை. அக்கா மட்டும் குளிப்பாட்டி மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினாள். பூசாரிக்குத் தண்ணீர் ஊற்ற மனமில்லை. அம்மனிடம் கேட்டுவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது தாயி என்று தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காவின் கணக்கு வேறாக இருந்தது. எல்லோர் கண் முன்னாலும் அம்மன் சம்மதம் சொல்லிவிட்டால், போலீஸ்காரர்களும் தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே, விலகிப் போய்விடுவார்கள் என்று நம்பினாள். வேண்டாம் அக்கா என்று நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

சில கிடாக்கள் எவ்வளவு ஊற்றினாலும் மரம் மாதிரி நிற்கும். ஊரே கெஞ்ச வேண்டியிருக்கும். இது முதல் செம்புத் தண்ணீருக்கே தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து உதறியது. மஞ்சள் தண்ணீர் போலீஸ்காரரின் கால்சட்டையில் தெறித்தது. பெண்கள் குலவை போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அக்கா அந்தப் போலீஸ்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, எங்க வீட்லயும் நேந்துவிட்ட கிடா நிக்கி. நான் என்ன செய்யட்டும்?" என்றார் அவர்.

அவர் லத்தியை ஓங்கியிருந்தால் ஊர் கொதித்து எழுந்திருக்கும். அவரோ எங்களைவிடப் பாவமாக நின்றார். கோபத்தை யார் மேல் இறக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் எல்லை தாண்டிப் புஞ்சையில் வைத்து வெட்டிவிடலாம், அது கோயில் இல்லையே என்று இளவட்டங்கள் சொன்னார்கள். உத்தரவு கொடுத்தவள் இங்கே இருக்கிறாள், அங்கே யாருக்கு வெட்ட என்று பூசாரி கேட்டார். பொங்கல் பொங்கியது. சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். கிடா மாலையோடு அக்காவுக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது.

அதை விற்கவும் முடியாது, அடித்துத் தின்னவும் முடியாது. காட்டில் பச்சை என்று ஒன்றும் இல்லை. அக்கா தன் கஞ்சியில் பாதியை அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கோவில்பட்டிக்குத் தூக்கி வந்தாள். சாதாரணக் காய்ச்சல், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவ சரின்னு சொன்ன பெறகு நாமதான் குடுக்காம கூட்டிட்டு வந்துட்டோம்லா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் தோளிலிருந்த பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் திட்டிய திட்டெல்லாம் எவ்வளவு லேசானது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

தை மாதம் கிடா செத்துப்போனது. மழை இல்லாமல் குருத்திலேயே வாடி நின்ற சோளப்பயிரைத் தின்றிருக்கிறது. அந்தப் பயிர் விஷம் என்று ஆடு மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாமி ஆட்டை யாரும் விரட்டவில்லை. அத்தான் கரிசலில் குழி தோண்டிப் புதைத்தார்.

அப்புறம் கொஞ்ச நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பார்லிமெண்ட் தேர்தல் பக்கத்தில் வந்துவிட்டது, பயந்துவிட்டார்கள் என்று பெஞ்சில் ஒரே கும்மாளம். வேறு ஒரு கிடா வாங்கி வெட்டிவிடலாம், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று பூசாரியே வீடு தேடி வந்து சொன்னார். அக்கா கேட்கவில்லை. தலையை உதறியது அது, இன்னொன்றை நிறுத்தி அவளை ஏமாற்றச் சொல்கிறீர்களா என்று கேட்டாளாம். அத்தான் என்னிடம் சொல்லிவிட்டு, நீயாவது பேசிப் பார் என்றார். பேசிப் பார்த்தேன். நடக்கவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் கழித்து சட்டசபைத் தேர்தலில் அந்த ஆட்சி தோற்றுப்போனது. கோவில்பட்டி பஜாரில் வெடி வெடித்தார்கள். வாத்தியார், அவருக்கு எப்போதோ வேலை திரும்பக் கிடைத்திருந்தது, வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி லட்டு கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கிக்கொண்டு விளாத்திகுளம் பஸ் ஏறினேன். இதைச் சொன்னாலாவது அக்காவின் முகம் கொஞ்சம் தெளியும் என்று நினைத்தேன்.

அக்கா வாசலில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கை நிற்காமலே கேட்டுக்கொண்டாள்.

"அவிய தோத்துட்டாவ, சரி. வீட்டுக்குப் போயிருவாவ. நேந்தவ நான் எங்கன தம்பி போவேன்?"

நான் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளையிடம் நீட்டினேன். அது கை நீட்டுவதற்குள் அக்கா பிள்ளையை இழுத்து, அதன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. அதற்குப் பிறகுதான் தின்ன விட்டாள்.