சாவிக்காரம்மா ஒட்டிய பச்சை

கடைவீதி முக்கில் ஸ்டூல் போட்டுச் சாவி வெட்டியவளுக்குச் சாவிக்காரம்மா என்றுதான் பேர். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவர்கள் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் அவள் முன்னால் கெஞ்சித்தான் நிற்பார்கள். "அடுப்புல சோறு இருக்கும்மா" என்பார்கள். "சாவியை மறக்கிற வீட்டுல சோறு கருகுறது புதுசா?" என்று வாரிவிட்டு, அரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

வீதியைப் புதுப்பித்துப் பூங்கா, அகல நடைபாதையெல்லாம் போடப்போகிறார்கள் என்றதும், நடைபாதைக் கடைக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். இவள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. திட்டம் போடும் ஆபீசில்தான் அவள் மகளைக் கட்டியவர் வேலை பார்த்தார். "என் மாப்பிள்ளை இருக்கும்போது நமக்கென்ன?" என்று ஊருக்கே தைரியம் சொன்னாள்.

மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. சுவர் முழுக்க வீதியின் வரைபடம். எல்லார் கையிலும் ஒட்டுவதற்குச் சிவப்பு, பச்சை வட்டங்கள். எது எதற்கு என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை யார் படித்தார்கள்?

"உங்க இடத்துல பச்சையை ஒட்டுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"இடம் போயிடாதே?"

"நான் இருக்கேன்ல."

அதற்குமேல் என்ன வேண்டும்? ஒட்டினாள். பக்கத்தில் செருப்புத் தைக்கிறவன் தயங்கினான். "ஒட்டு தம்பி, என் மாப்பிள்ளையே சொல்றாரு" என்று அவன் கையைப் பிடித்து ஒட்டவைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக ஒட்டினார்கள்.

வேலை முடிந்து வீதியைத் திறந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. வண்டிச் சத்தம் இல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடின. ஆனால் அவள் ஸ்டூல் போட்ட இடத்தில் பூச்செடி நின்றது. செருப்புக்காரன் இடத்திலும் செடி. பச்சை ஒட்டிய இடமெல்லாம் செடி.

திறப்புக்கு வந்திருந்த மாப்பிள்ளையை ஓரமாக இழுத்தாள். "என்ன மாப்பிள்ளை இது?"

"பச்சைன்னா செடி அத்தை. சிவப்புதான் கடை. கடைக்காரங்களே செடி கேட்டாங்கன்னு காட்டினாத்தான் மேல ஒத்துக்குவாங்க. உங்களுக்கு மட்டும் அந்தக் கோடியில ஒரு பெட்டிக்கடை சொல்லி வச்சிருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"தெரிஞ்சேதான் ஒட்டச் சொன்னீங்களா?"

"உங்களுக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்?"

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாரே! பெண்ணைக் கொடுத்த இடம், கத்தவும் வழியில்லை. "உங்க கடை எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

செடி ஓரமாகப் பெட்டியும் கையுமாக நின்றிருந்தான் செருப்புக்காரன். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டு வர்றீங்களாக்கா? பச்சை ஒட்டினவங்களுக்கெல்லாம் எந்தப் பக்கம் இடமாம்?"

அவன் குரலில் துளிச் சந்தேகம் இல்லை.