தலைக்கட்டுக்கு ஒரு நோயாளி

போன மாதம் மூன்று நாள் நான் நோயாளியாக நடித்தேன். சம்பளம் கிடையாது. பஸ் டிக்கெட்டும் என் செலவு.

டைரக்டர் என் தங்கை தேன்மொழி. கட்டுமாவடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் வாக்கப்பட்டவள். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். அந்த ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் முதலில் இவளிடம்தான் வந்து சொல்வார்கள். நாலு நாள் நிம்மதியாக எழுதலாம் என்று புதுக்கோட்டையிலிருந்து அங்கே போயிருந்தேன்.

"அண்ணே, நீங்க சும்மாத்தானே இருக்கீங்க?" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கும் சும்மா இருப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

விஷயம் இதுதான். காலை எட்டுப் பத்துக்கு அந்த ஊர் வழியாக அறந்தாங்கிக்கு ஒரு டவுன் பஸ். ஏறுவது மூன்று பேர்... மிஞ்சிப்போனால் நான்கு பேர். ஆள் இல்லாத டிரிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. தேன்மொழி பஸ் டெப்போவில் மனு கொடுத்தாள். மூன்று நாள் எங்கள் ஆள் ஒருவர் பஸ்ஸிலேயே வந்து எண்ணிப் பார்ப்பார், அப்புறம் முடிவு சொல்கிறோம் என்று பதில் வந்தது.

ஒரு பஸ்தானே, போனால் போகட்டுமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டு செல்வராணியைப் பார்க்கும் வரை.

செல்வராணிக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து, அறந்தாங்கியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் வேலை. கணவர் முத்துராமன் கெட்டவர் இல்லை. கண்டிஷன் போடுகிறவர். "வீட்டு வாசல்ல பஸ் வருதா, போ. பஸ் நின்னுபோச்சா, நீயும் நின்னுக்க." அவ்வளவுதான். ஆக, அந்த டிரிப் போனால் செல்வராணியின் வேலையும் போய்விடும்.

தேன்மொழி விடுவாளா?

கோயில் திருவிழா என்றால் எங்கள் பக்கம் தலைக்கட்டு வரி உண்டு. ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. யாரும் தப்ப முடியாது. தேன்மொழி அதே முறையைக் கையில் எடுத்தாள். தலைக்கட்டுக்கு ஒரு ஆள், மூன்று நாள், எட்டுப் பத்து பஸ்ஸில் ஏறி அறந்தாங்கி போய்த் திரும்ப வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் முடிந்தவரை பெண்களே வரட்டும். தங்கை வீட்டுத் தலைக்கட்டுக்கு நான். மாப்பிள்ளை தஞ்சாவூருக்கு வேலையாகப் போயிருந்தார் — அதிர்ஷ்டக்காரர்.

"களையெடுப்பு இருக்கே..." என்று ஒரு அம்மா இழுத்தார்.

"சாமி காரியமுன்னா இப்புடிச் சொல்லுவீகளா?" என்றாள் தேன்மொழி. அந்த அம்மா பையைத் தேட உள்ளே போய்விட்டார்.

இன்னொரு சந்தேகம் வந்தது. எதற்குப் போகிறோம் என்று கேட்டால் என்ன சொல்வது?

"ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிருங்க. சந்தைக்குன்னா சந்தை இன்னைக்கு இல்லியேம்பாக. கல்யாணத்துக்குன்னா பட்டுச்சேல கட்டணும். ஆஸ்பத்திரின்னா யாரும் மேக்கொண்டு நோண்ட மாட்டாக."

அருமையான யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். அத்தனை பேரும் ஒரே காரணத்தைச் சொல்லப் போகிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. தினமும் எழுதிப் பிழைக்கிற எனக்கும்தான்.

முதல் நாள் முப்பது பேர் ஏறினோம். டிரைவர் இறங்கி வந்து, வேறு ஊருக்கு வந்துவிட்டோமா என்பது போலப் பார்த்தார். எண்ண வந்தவர் ஒல்லியான மனிதர், கையில் நோட்டு.

"எங்கம்மா போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"நீங்க?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் ஐந்தாவது ஆளிடம், "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார். இதை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, முன் சீட்டில் இருந்தவரைக் காட்டி, "அவுகளுக்கு என்னமோ, அதேதான் எனக்கும்" என்றார். பின்னால் இருந்தவர்களுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. வரிசையாக எல்லோரும் அதையே சொன்னார்கள்.

நானும் சொன்னேன். வேறு வழி?

இரண்டாம் நாள் அந்த மனிதர் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டார். முப்பது பேரில் செல்வராணி ஒருவர்தான் "வேலைக்குப் போறேங்க" என்று உண்மையைச் சொன்னார். எண்ணியவர் இரக்கத்தோடு பார்த்து, "இந்த நேரத்துல வெளிய வாரீங்களேம்மா... பத்திரமா இருங்க" என்றார்.

நான்காம் நாள் காலையில் ஊருக்குள் ஜீப் வந்தது. சுகாதாரத் துறை. பின்னாலேயே கொசுப் புகை அடிக்கிற மெஷின். ஓர் இளம் டாக்டர் அம்மா சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரே மர்மக் காய்ச்சலில் கிடக்கிறதாம்.

இப்போது என்ன செய்வது? நோய் இல்லை என்றால் பஸ் போய்விடும். இருக்கிறது என்றால் ஊசி போட்டுவிடுவார்கள். தலைக்கட்டுக்கு ஒருவராக வரிசையில் நின்று நாக்கை நீட்டினோம்.

இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்தார். "எல்லாரும் என்னைவிட நல்லா இருக்கீங்க. யாருக்குத்தாங்க ஒடம்பு சரியில்ல?"

தேன்மொழி யோசிக்கவே இல்லை. "எங்கண்ணனுக்கு" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

என் கையில் பட்டையைக் கட்டினார். காற்றடித்தார். மறுபடி அடித்தார். முகம் மாறியது. எனக்கு பிரஷர். ஊரையே சல்லடை போட்டுச் சலித்ததில் அகப்பட்ட ஒரே நோயாளி, விருந்தாளியாக வந்த நான்.

அதற்குப் பிறகு தேன்மொழிக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரின் பக்கத்தில் போய் பஸ், செல்வராணி, தலைக்கட்டு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். டாக்டர் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். "நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலைங்க" என்றார். ரிப்போர்ட்டில், இந்த ஊர் மக்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போகக் காலை பஸ் அவசியம் என்று எழுதினார். போகிற போக்கில், பாசி படிந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியையும் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு வருடமாக ஊர் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது.

ஊருக்கு நல்லது செய்கிறவர்கள் என்றதும் நமக்கு மாலை, மைக், பேனர்தான் ஞாபகம் வருகிறது. களையெடுப்பை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பெண்ணின் வேலைக்காக, வராத நோய்க்கு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு யார் பேனர் வைப்பார்கள்? அவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் கண்ணும் கலங்குகிறது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பஸ் நிற்காது. ஆனால்... ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வசதியாக, இனி எட்டுப் பத்துக்குப் பதில் ஏழு மணிக்கு வரும்.

ஏழு மணிக்கு செல்வராணி எப்படிப் போவார்? சோறு யார் ஆக்குவது? எல்லோரும் முத்துராமனைப் பார்த்தார்கள். அவர் பிடரியைச் சொறிந்தார். "பஸ் வருதுல்ல? போகட்டும்" என்றார். சொன்ன சொல்லை மாற்றத் தெரியாத மனிதர்.

மறுபடி தங்கை வீட்டுக்கு வந்திருந்த நான், போன திங்கட்கிழமை பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக அந்த ஏழு மணி பஸ்ஸில் போனேன். முத்துராமன் ஸ்டாப் வரைக்கும் வந்து, ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸை நீட்டினார். "உப்புமா. கொஞ்சம் அடிப்புடிச்சுருச்சு" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் செல்வராணியோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். கடை திறக்க ஒன்பது மணி ஆகும்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல என்னம்மா பண்ணுவீங்க?"

"சும்மா உக்காந்துருப்பேண்ணே. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சும்மா உக்காந்ததே இல்ல."

டிபன் பாக்ஸைத் திறந்தார். கருகல் வாசனை எனக்கே அடித்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"வாயில வைக்க முடியலண்ணே" என்றார். சொல்லிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மெதுவாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.