பச்சைத்தொட்டிக்காரி

கடைத்தெருவில் என்னைக் கண்டதும், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் என் ஒன்றுவிட்ட தங்கை பொரிந்து தள்ளினாள்.

“வந்துட்டாக்கா என் நாத்தனா, அந்தப் பச்சைத்தொட்டிக்காரி! புருஷன் வேணாம்னு வந்தவ, அவன் வீட்டு மீனை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கா!”

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அன்றுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு யார் வாயிலும் வரவில்லை.

அந்த நாத்தனாருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துத் துடைக்கிற கை. ஆனால் முன்னறை ஜன்னலோரம் அவள் வைத்த தொட்டியோ வந்த சூட்டிலேயே பாசி பிடித்துவிட்டது. உள்ளே இருந்த மூன்று மீன்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

“ஊரார் கண்ணைத் தெளிய வைக்கிறவ வீட்டுக் கண்ணாடியப் பாரு!” என்று அவள் அண்ணியான என் தங்கை குத்தினாள்.

அண்ணன் நேராகப் பேசுகிறவன் இல்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “அந்த இடத்துல சோபா போடலாம்னு இருக்கோம். மாசக் கடைசிக்குள்ள தொட்டிக்கு ஒரு வழி பண்ணிடும்மா” என்றான்.

வழி யாருக்கு என்று அவளுக்குப் புரியாதா? இன்றைக்குத் தொட்டி, நாளைக்கு அவள் பெட்டி.

“தொட்டியும் போகாது, நானும் போக மாட்டேன். இது அப்பா கட்டின வீடு. எனக்கும் பங்கு இருக்கு” என்றாள்.

சொல்லிவிட்டாள். பாசிதான் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கல்லையெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. “போச்சா ஒண்ணு?” என்ற அண்ணியின் குரல் லேசாக உடைந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளில் பச்சை திரும்பி வந்தது.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் மதியமே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வளர்ப்பு மீன் விற்பவரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“வெயில் படுற இடத்துல வைக்காதீங்கம்மா. தண்ணிய மொத்தமா மாத்தாதீங்க, மூணுல ஒரு பங்கு போதும். சோப்பு தொடவே கூடாது. ஆமா, தீனி எத்தனை பேர் போடுறீங்க?”

“நான் மட்டும்தான். காலையில ஒரு சிட்டிகை.”

அவர் சிரித்தார். “ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு பச்சை வராது. மிஞ்சின தீனி ஊறித்தான் பாசிக்கு உரம். வீட்டுல வேற யாரோ விருந்து வைக்கிறாங்க.”

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். தொட்டி முன்னால் அண்ணி குந்தியிருந்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டபடி, “தின்னுங்கடா. அவ போட்டது எந்த மூலைக்கு?” என்று மீன்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி!”

அண்ணி ரொட்டியை முந்தானையில் மறைத்தாள். பிறகு முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். “என்னைப் பாத்ததும் வாயைத் திறந்துகிட்டு ஓடி வருதுங்க. பாத்துட்டுச் சும்மா போக நான் என்ன கல்லா?”

“அப்ப மாசக் கடைசியில யாரைப் போகச் சொன்னீங்க?”

அண்ணி விரலில் ஒட்டிய ரொட்டித் துகளை முந்தானையில் துடைத்தாள்.

“உங்க ரொட்டிதான் அண்ணி அந்தப் பச்சை. இனிமே தீனி நான்தான் போடுவேன். நீங்க பேசிட்டு மட்டும் போங்க. இப்ப அந்தப் பக்கம் பிடிங்க.”

மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டு இருவரும் தொட்டியைத் தூக்கினார்கள். வெயில் எட்டாத மூலை ஒன்றே ஒன்றுதான். அங்கே அண்ணனின் நாற்காலி இருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டுத் தொட்டியை வைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். “என் நாற்காலி எங்க?”

“ஜன்னலோரம் காத்து வருது, அங்க உக்காந்து படிங்க. சோபாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றது அண்ணிதான்.

தண்ணீர் உடனே தெளியவில்லை. வாராவாரம் கொஞ்சம் மாற்றி, காலாவதியான பேங்க் கார்டால் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டித்தான் தெளிந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டால், “ஆமா, நான்தான். என்ன வேணும்?” என்று திரும்பிப் பார்ப்பாள்.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். முன்னறையில், தொட்டிக்குப் பக்கத்தில் அவள் கட்டில்.